உன்ரை நன்மைக்குத்தான்

"உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் யாராவது இருந்தால் அவளைச் சந்திக்க எனக்கு ஆசை. பொழுதுபட்ட பிறகு வெளியே போகாதே என்றார்கள், என் நன்மைக்குத்தான். ரியூசனுக்குப் போவதென்றால் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ என்றார்கள், அதுவும் என் நன்மைக்குத்தான். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. நான் பெண்நிலைவாதத்துக்குப் புத்தகங்களால் வரவில்லை, இந்த வசனத்தின் மேலிருந்த கோபத்தால் வந்தேன். வளர்ந்த ஒரு பெண் தன் சொந்தச் சம்பளத்தில் ஒரு நாளைக்கு நானூறு குறோனருக்கு மேல் தோற்கக் கூடாது என்று நோர்வே அரசு விதி போட்டபோது, நான் அதற்கு எதிர்ப்பக்கம்தான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று எனக்கே விளங்கப் பல வருடங்கள் எடுத்தன. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

2003இலிருந்து 2008 வரை ஒஸ்லோவின் புறநகர் ஒன்றில், ரயில் நிலையத்தோடு ஒட்டியிருந்த ஒரு கியோஸ்க்கில் மாலை வேலை செய்தேன். பத்திரிகை, சிகரெட், கோப்பி, சூடான சொசேஜ். கதவுக்குப் பக்கத்தில் மூன்று சூதாட்ட மெசின்கள். அந்தக் காலத்தில் நோர்வேயில் இந்த மெசின் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல்பொருள் அங்காடி வாசலில், பெற்றோல் நிலையத்தில், பால் வாங்கப் போகும் வழியில் எல்லாம் அது மினுங்கிக்கொண்டு நிற்கும். வருமானத்தில் ஒரு பங்கு செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளுக்குப் போனது. அதனால் யாருக்கும் அதைப் பற்றிக் கதைக்க வாய் எழவில்லை. காசு போடுகிறவர் தானமும் செய்கிறாரல்லவா!

அங்கே வந்தவர்களில் ஒருவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும். எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து, பிறகு ஒஸ்லோவுக்கு வந்தவ. நான் அறிந்தபோது முதியோர் இல்லத்தில் வேலை. ஒவ்வொரு நாளும் எட்டுப் பேரைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, மருந்து கொடுத்துவிட்டு ரயிலால் இறங்குவா. வீட்டில் கணவர், இரண்டு பெடியன்கள், மாமியார். மாமியாருக்கும் கழுவித் துடைக்க வேண்டும், அதற்குச் சம்பளமில்லை. ரயிலுக்கும் வீட்டுக்கும் இடையில் எங்கள் கடை. முதலில் பத்து நிமிசம் நிற்பா. பிறகு முக்கால் மணித்தியாலம். பிறகு நான் கடை பூட்டும்வரை.

ஒருநாள் கேட்டேன், என்னக்கா, வெல்லுறதுக்கோ இவ்வளவு நேரம் நிக்கிறியள் என்று. சிரித்தா. "வெண்டால் திரும்ப அதுக்குள்ளைதானே போடப்போறன்" என்றா. கொஞ்சம் பொறுத்துச் சொன்னா: "தங்கச்சி, உதிலை நிக்கேக்கை ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை."

பல வருடங்களின் பின் நட்டாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகஸ் சூதாட்டக்காரர்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது இந்தப் பதில் எனக்கு நினைவுக்கு வந்தது. 2012இல் வெளிவந்த நூல் அது. அவர் சந்தித்த வீடியோ போக்கர் ஆட்டக்காரர்களில் பல பெண்கள், நாள் முழுக்க மற்றவர்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தவர்கள். வெல்வதற்காக ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம் என்கிறார்கள். நேரமும் உடம்பும் கடமையும் மறைந்துபோகிற ஒரு நிலையைத் தேடிப் போகிறார்கள். அக்காவுக்கு இங்கிலிஷ் தெரியாது. வேகஸும் தெரியாது. ஆனால் ஒரே சொல்லைத்தான் சொன்னா.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோர்வேயில் சூதாட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள்தான். அக்காவை வைத்து எல்லாப் பெண்களுக்கும் நான் கணக்கு எழுதவில்லை. ஆனாலும் பராமரிப்பு வேலையில் தேய்ந்த ஒரு பெண் ஏன் ஒரு திரைக்கு முன்னால் போய் ஒளிக்கிறாள் என்ற கேள்வியை, சூதாட்டத்தைப் பற்றி எழுதுகிற ஆண்கள் அநேகமாகக் கேட்பதில்லை. அவர்கள் பேராசையைப் பற்றி எழுதுவார்கள்.

இனி மெசின். பழைய இரும்புச் சக்கரத்தில் எத்தனை படங்கள் இருந்தனவோ அத்தனை வாய்ப்புகள் இருந்தன, கண்ணால் எண்ணலாம். 1984இல் இங்கே தெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமை இதை மாற்றியது. கணினி ஒரு எண்ணைத் தெரிவு செய்யும், சக்கரம் அந்த முடிவைக் காட்ட மட்டும் சுற்றும். கண்ணுக்குத் தெரிகிற சக்கரத்தில் பரிசுப் படம் வருவதற்கான வாய்ப்பு ஒன்று, உள்ளே உள்ள கணக்கில் அதைவிட மிகக் குறைவான இன்னொன்று. பரிசுப் படம் ஒரு வரி மேலேயோ கீழேயோ நின்று, "மயிரிழையில் தப்பிவிட்டது" என்று நினைக்கவைக்கும். பிறகு திரைகள் வந்தன. சில விநாடிகளுக்கு ஓர் ஆட்டம். பத்துப் போட்டு நான்கு திரும்பி வந்தாலும் வெற்றி மேளம் அடிக்கும். நான் நான்கு வருடம் அந்த மேளத்தைக் கேட்டிருக்கிறேன். தோல்விக்கும் அதே மேளம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அவள் தன் சுதந்திரத்தில் தெரிவு செய்தாள் என்று சொல்ல எனக்கு நா வருவதில்லை. அதேவேளை, அவளுக்குத் தெரிவே இல்லை, அவள் நோயாளி என்று சொல்லவும் விருப்பமில்லை. பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி அவளுடைய காசைப் பறிக்கிற வழக்கம் உலகத்தில் நீண்டகாலம் இருந்திருக்கிறது.

ஜோன் ஸ்டுவர்ட் மில் இந்த இடத்தில்தான் திண்டாடுகிறார். 1859இல் சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய நூலின் அடிப்படைக் கொள்கை, ஒருவரின் சொந்த நன்மைக்காக என்று சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. அம்மாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்த நூல். அதன் கடைசி அத்தியாயத்தில் அவர் கேட்கிறார்: சூதாடுவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், சூதாட்ட விடுதி நடத்துவதற்கும் ஒருவருக்குச் சுதந்திரம் உண்டா? பெண்களைக் கூட்டிக்கொடுக்கும் தரகனையும் அவர் அதே கேள்விக்குள் வைக்கிறார். இன்னொருவரின் பலவீனத்தில் ஆதாயம் உள்ளவனின் தூண்டுதலை அரசு தடுக்கலாம் என்ற வாதத்துக்கு வலு உண்டு என்கிறார். ஆனால் ஆடுகிறவரை விட்டுவிட்டு உடந்தையாளனை மட்டும் தண்டிப்பது நீதியா என்று வரும்போது முடிவு சொல்லத் துணியாமல் நிறுத்திவிடுகிறார். எனக்கு மில்லில் பிடித்த இடங்களில் இது ஒன்று. ஆனால் விடுதியை நடத்துகிறவர் அரசாகவே இருந்தால் என்ன என்று அவர் கேட்கவில்லை.

2006 யூலை 1இலிருந்து மெசின்கள் தாள் காசு எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. நாணயக் குற்றிகள் மட்டும்தான். தாளை இழுத்து விழுங்கும் அந்த வாயை அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு தாளை வைத்திருப்பவர் என்னிடம் வர வேண்டும். இருநூறு குறோனரை நீட்டுவார்கள், நான் பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுப்பேன். மெசினின் வாய் இருந்த இடத்தில் இப்போது என் கை.

அக்காவும் நீட்டினா. முதல் தடவை என் முகத்தைப் பார்த்தா, இரண்டாம் தடவை பார்க்கவில்லை. மூன்றாம் தடவை "கொஞ்சம் சில்லறை வேணும், பெடியனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு" என்றா. இருவருக்கும் பொய் என்று தெரியும். "அக்கா, இண்டைக்குக் காணும், வீட்டை போங்கோ" என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆனால் நான் சொல்லாமல் விட்டதற்கு அது காரணமில்லை. வளர்ந்த பெண்ணுக்கு நான் ஆர் புத்தி சொல்ல என்று நினைத்தேன். என் பெண்நிலைவாதம்தான் என் வாயை மூடியது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை முடியும் நேரத்தில் வம்பு வேண்டாம் என்பதும் அதற்குள் இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் என் சீட்டு. பதினைந்து பெண்கள், மாதம் இரண்டாயிரம் குறோனர், முறை வருகிறவள் முப்பதாயிரம் எடுப்பாள். புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நடத்துகிற ஏற்பாடு இது. கையில் காசு இருந்தால் வீடு தின்றுவிடும் என்று தெரிந்து, அதை மற்றப் பெண்களின் கையில் பூட்டிவைப்பது. சீட்டுப் பிடித்தவ அக்கா. என் முப்பதாயிரம் எங்கள் கடை மெசினுக்குள்ளும் வேறு கடைகளின் மெசின்களுக்குள்ளும் போயிருந்தது. அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிவந்து கண் சத்திரசிகிச்சை செய்ய வைத்திருந்த கணக்கு அது. அதில் ஒரு பகுதியை நானே குற்றியாக எண்ணிக் கொடுத்திருப்பேன்.

அக்கா வீட்டில் கூடினோம். அவவின் கணவர் மரியாதையான மனிதர். சத்தம் போடவில்லை. எனக்கு மாதம் ஐயாயிரமாக ஆறு மாதத்தில் கொடுத்து முடிப்பதாகச் சொன்னார், சொன்னபடி கொடுத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் அக்காவின் கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தார். "இனி உன்ரை சம்பளம் என்ரை கையிலை. உன்ரை நன்மைக்குத்தான்."

வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது நல்ல மனிசன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் காசு வரப்போகிறது அல்லவா. அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு நாளும் பயணக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனா. கணவரின் தங்கையின் கலியாணத்துக்குத் தன் சம்பளத்தில் எவ்வளவு போனது என்று அவவுக்கே பிறகுதான் தெரிந்தது.

2007 யூலை 1. ஒரு காலை நான் வேலைக்குப் போனபோது மெசின்கள் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது. சூதாட்ட மெசின்களை அரசு நிறுவனமான நோர்ஸ்க் திப்பிங் மட்டுமே நடத்தலாம் என்று 2003இலேயே பாராளுமன்றம் முடிவெடுத்திருந்தது. மெசின் நடத்தியவர்கள் வழக்குப் போட்டார்கள். எஃப்ரா நீதிமன்றம் மார்ச்சிலும் நோர்வே உச்ச நீதிமன்றம் யூனிலும் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு, நாடு முழுவதும் ஒரே நாளில் அவை அகன்றன. ஆட்கள் வேறு சூதாட்டத்துக்கு ஓடிவிடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் அப்படிப் பெரிய ஓட்டம் எதுவும் தெரியவில்லை. ஆடியவர்கள் குறைந்தார்கள், உதவித் தொலைபேசிக்கு வந்த அழைப்புகளும் குறைந்தன.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலும் இதற்கு முன்பே இப்படி ஒன்று நடந்தது. 1989இல் அந்த நாட்டில் முதன்முதலாக வீடியோ லொத்தரை மதுச்சாலைகளுக்குள் கொண்டுவந்த மாநிலம் அது. 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஓகஸ்டில் மெசின்கள் நின்றன. சிகிச்சை நிலையங்களுக்கு வந்த விசாரிப்புகள் மளமளவென்று விழுந்தன. நவம்பரில் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினார்கள், மெசின்கள் திரும்ப ஓடின, விசாரிப்புகளும் ஏறின. 2000இலும் 2006இலும் ஒழிக்கலாமா என்று கேட்டபோதும் மக்கள் வேண்டாம் என்றார்கள். மெசின் வருமானத்தில் பாதி மாநிலத்துக்குப் போகிறது, அது சொத்து வரியைக் குறைக்க உதவியது. வீடு வைத்திருப்பவரின் வரியில் ஒரு துண்டை மதுச்சாலை முக்காலியில் இருப்பவர் கட்டுகிறார். ஜனநாயக முறைப்படி, பெரும்பான்மையின் சம்மதத்தோடு. அந்தச் சம்மதத்தை நான் சும்மா ஏற்க மாட்டேன். ஒரு சிலரின் உழைப்பில் மிச்சப் பேர் வசதியாக இருப்பதற்குப் பெரும்பான்மை சம்மதித்த கதைகள் பெண்களுக்குப் புதிதல்ல.

நோர்வேயில் மெசின் முற்றாகப் போய்விடவில்லை. 2009இல் மல்டிக்ஸ் என்ற பெயரில், அரசின் மெசினாக, சில கடைகளிலும் மதுச்சாலைகளிலும் திரும்ப வந்தது. இது வேறு மாதிரி. காசே போட முடியாது. உங்கள் பெயரில் உள்ள ஆட்ட அட்டை வேண்டும். தொடக்கத்தில் நாளுக்கு 400, மாதத்துக்கு 2,200 குறோனர் தோற்றால் அது உங்களை நிறுத்திவிட்டது. நீண்டநேரம் ஆடினால் கட்டாய இடைவேளை. விரும்பினால் இதைவிடக் குறைந்த எல்லையை நீங்களே போடலாம். (அதே 2009 தொடக்கத்தில்தான் காசு கொடுத்து உடலுறவு வாங்குவதை நோர்வே குற்றமாக்கியது, விற்பவரைத் தண்டிக்கவில்லை. மில் ஒரே கேள்விக்குள் வைத்த இரண்டையும் ஒரே வருடத்தில் இந்த அரசு இரண்டு விதமாகத் தீர்த்தது. ஒன்றில் வாங்குபவர் குற்றவாளி. மற்றதில் அரசே விற்பவர்.)

ஒஸ்லோவில் பிறந்த யோன் எல்ஸ்டர் என்ற தத்துவவாதி 1979இல் யுலிஸிஸையும் சைரன்களையும் தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். சைரன்களின் பாட்டைக் கேட்டால் மதிமயங்கிக் கடலில் குதித்துவிடுவோம் என்று தெரிந்த யுலிஸிஸ், முதலிலேயே தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். நாளைய தன்னிடமிருந்து இன்றைய தான் தப்புவதற்குப் போட்ட கட்டு, ஆகவே அது அவனுடைய சுதந்திரமே என்பது வாதம். இதை வகுப்பில் சொல்லும்போது எல்லோரும் யுலிஸிஸைப் பற்றியே கதைப்பார்கள். எனக்குத் துடுப்பு வலித்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு, பாட்டையும் கேட்காமல், அவனையும் கட்டிவைத்துக்கொண்டு வலித்தவர்கள். அக்காவின் வீட்டில் துடுப்பு வலித்ததும் அக்காதான், கட்டப்பட்டதும் அக்காதான்.

எனக்கு இந்த அட்டை பிடிக்கவில்லை. மெசினை எடுத்துவிடு, சரி. அது பொருளைக் கட்டுப்படுத்துவது. அட்டையோ ஆளைப் பதிகிறது. எந்தப் பெண் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் ஆடினாள் என்று ஓர் அரசு எழுதிவைக்கிறது. சோதனைச் சாவடியில் பெயர் பதிந்து பதிந்து வந்த ஆக்களுக்கு, பெயர் பதிவது என்றாலே வயிற்றைக் கலக்கும். எவ்வளவு நல்ல அரசானாலும்.

இதை அக்காவிடம் சொன்னேன். அப்போது அவ வேலையிடத்தில் ஒரு நோர்வேஜியப் பெண்ணின் உதவியோடு தன் பெயரில் புதிய கணக்குத் திறந்திருந்தா. இடைக்கிடை மல்டிக்ஸும் ஆடினா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டா.

"நீர் படிச்சனீர், உமக்கு அப்பிடித்தான் தெரியும். அது என்னை மறிச்சுது. ஏனெண்டு கேக்கேல்லை. வீட்டிலை எண்டால் ஏனெண்டு கேட்டுக் கேட்டெல்லோ மறிக்கிறவை. அது மறிச்சுப்போட்டு மிச்சக் காசை என்னட்டையே விட்டிட்டுது."

இந்தப் பதிலோடு நான் பல காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கணவரும் எல்லை போட்டார், அரசும் எல்லை போட்டது. அரசின் எல்லை அவவுக்கு மட்டும் போட்டதல்ல, அமைச்சர் வந்து ஆடினாலும் நானூறுதான். எழுதிவைத்த எல்லை, ஆகவே அதை எதிர்த்து வழக்காடலாம், வாக்களிக்கலாம். அவவின் நடத்தையைப் பற்றி அதற்குக் கருத்தில்லை. கணவரின் எல்லை அன்பின் பெயரால் வந்தது. அதற்கு எண் கிடையாது, முடிவுத் திகதி கிடையாது, மேன்முறையீடும் கிடையாது. "உன் நன்மைக்கு" என்பதை ஒரே வசனமாகக் கேட்டுக் கோபப்பட்ட எனக்கு, அதைச் சொல்கிறவர் மிச்சக் காசை என்ன செய்கிறார் என்று பார்க்கத் தோன்றியிருக்கவில்லை.

ஆனால் இந்த அரசையும் நான் முழுதாக நம்பத் தயாரில்லை. 2014இல் அதே நோர்ஸ்க் திப்பிங் இணையத்தில் சூதாட்ட விளையாட்டுகளைத் தொடங்கியது. வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகிறவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுப்பதற்காம். 2016இல் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து மாதத் தோல்வி எல்லை 20,000 குறோனர் என்று வந்தது. எங்கள் சீட்டில் மூன்றில் இரண்டு பங்கு. இலாபத்தில் பெரும்பகுதி விளையாட்டுத்துறைக்கும், மிச்சம் கலாசாரத்துக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் போகிறது. என் மகன் பந்தடித்த மைதானத்துக்கும் அதில் ஏதாவது போயிருக்கும், நான் கேட்டதில்லை. ரயில் நிலையக் கடையிலிருந்து அகற்றியதை அக்காவின் கைத்தொலைபேசிக்குள் வைத்தார்கள். இப்போது மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆடலாம். சில்லறை மாற்ற யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

போன வருடம் சீட்டைத் திரும்பத் தொடங்கினோம். பன்னிரண்டு பேர். இளையவர்களும் இருக்கிறார்கள், வட்சப்பில் கணக்கு. அக்கா ஓய்வு பெற்றுவிட்டா. தானும் சேரவா என்று கேட்டா. குழுவில் இரண்டு நாள் அமைதி. பிறகு ஒருத்தி எழுதினாள்: சேர்க்கலாம், ஆனால் கடைசி நம்பர் கொடுப்போம், அதுதான் அக்காவுக்கும் நல்லது.

அக்கா குரல் பதிவு அனுப்பினா. "எனக்கு ஒருத்தரும் கடைசி நம்பர் தரவேண்டாம். நான் கேக்கிறன், கடைசி நம்பர் எனக்கு வேணும். ரெண்டும் ஒண்டில்லை, விளங்குதே?"

நான் சரி என்று எழுதினேன். இன்னும் இருவர் எழுதினார்கள். ஒருத்தி விலகிவிட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய இடத்துக்கு என் மருமகள் வந்தாள். பன்னிரண்டாவது மாதம் வாற பங்குனி.